அசையா நிலங்கள் – 14: துறவியின் கடலில் இருந்த கப்பல்கள்

மலையுச்சிச் சிலுவையை வழிபாட்டுப் படமாக வரைந்ததற்காக ராம்டோர் என்ற விமர்சகர் 1809-இல் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிக்கைக் கடுமையாகத் தாக்கிய கதையைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். இந்த வாரம் ஓக் மரம், நங்கூரம், பிறை நிலா என்று அவருடைய குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் நான்கு நாட்களாக இரண்டு கப்பல்கள் என்னை வழிமறித்து நிற்கின்றன.

'கடலோரத் துறவி' பெர்லினின் பழைய தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1808-க்கும் 1810-க்கும் இடையில் ஃப்ரீட்ரிக் டிரெஸ்டனில் வரைந்தது. ஐந்தரை அடிக்குச் சற்றே கூடுதலான அகலம். கீழே வெளிறிய மணல்மேடு, அதற்கு மேல் கருத்த கடல் ஒரு பட்டைபோல. மிச்சம் முழுவதும், அதாவது படத்தில் முக்கால் பங்குக்கும் மேல், வானம். மணலில் விரல்நுனி உயரத்தில் ஒரு மனிதன் நமக்கு முதுகுகாட்டி நிற்கிறான். படத்தில் நிமிர்ந்து நிற்பது அவன் ஒருவன்தான்.

2013 முதல் 2016 வரை அந்தப் படத்தைச் சீர்செய்தார்கள். மஞ்சளேறிய பழைய வார்னிஷை அகற்றினார்கள். வண்ணத்துக்கு அடியில் கிடக்கும் கோடுகளை அகச்சிவப்புக் கதிர்கள் காட்டுகின்றன. துறவிக்கு இருபுறமும் பாய்மரக் கப்பல்கள்! ஃப்ரீட்ரிக் அவற்றை முதலில் வரைந்திருக்கிறார். பிறகு இரண்டையும் கடலுக்கும் வானத்துக்கும் அடியில் மறைத்துவிட்டார்.

கப்பல் இருந்தால் அந்தக் கடலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துவிடும். யாரோ எங்கேயோ போகிறார்கள், ஒருநாள் திரும்பி வருவார்கள். துறவியும் வழியனுப்ப வந்தவனாகவோ வரவேற்க வந்தவனாகவோ ஆகிவிடுவான். கப்பல்கள் போனதும் அவன் நிற்பதற்கு இருந்த காரணமும் போய்விட்டது. அந்தப் படத்தின் அசைவின்மை இயற்கையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டதன்று. ஓவியர் ஒவ்வொன்றாக நீக்கி நீக்கி அடைந்தது. குறியீடு என்றதும் படத்தில் என்ன இருக்கிறது என்று தேடும் பழக்கம் நமக்கு. ஃப்ரீட்ரிக்கிடம் எது இல்லை என்றும் தேட வேண்டும். இதை இத்தனை வாரம் நான் அழுத்திச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

இதைவிட என்னை மகிழ்வித்த செய்தி ஒன்று உண்டு. ஓவியர் கெர்ஹார்ட் ஃபோன் க்யூகல்கனின் மனைவி மாரி, 1809 ஜூனில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தோழிக்குக் கடிதம் எழுதினார். கடலில் ஒரு படகோ கப்பலோ இல்லையே என்பது அவர் குறை. ஒரு கடற்பூதமாவது இருந்திருக்கலாம் என்னும் அளவுக்கு அந்த வெறுமை அவரை வருத்தியிருக்கிறது. அவர் தேடிய கப்பல்கள் அந்த வண்ணத்துக்கு அடியில்தான் கிடந்தன. அவருக்கு அது தெரிய வழியே இல்லை.

அந்த மாரியின் மகன் வில்ஹெல்ம் பின்னாளில் தன் இளமை நினைவுகளை எழுதினார். அதில் ஃப்ரீட்ரிக்கின் ஓவிய அறை வருகிறது. படம் வைக்கும் தாங்கி, ஒரு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் டி-ஸ்கொயர். வண்ணப்பெட்டியும் எண்ணெய்க் குப்பிகளும்கூட அடுத்த அறைக்குப் போய்விட்டன. வெளிப்பொருள்கள் அகத்தில் இருக்கும் படத்தைக் குலைத்துவிடும் என்பது ஃப்ரீட்ரிக்கின் எண்ணம். நண்பர் கெர்ஸ்டிங் 1811-இல் வரைந்த படத்திலும் அந்த அறை அப்படித்தான் வெறிச்சென்று இருக்கிறது. சன்னலின் கீழ்ப்பாதியைப் பலகை வைத்து அடைத்திருக்கிறார்கள். தாய் படத்தில் கண்ட வெறுமையை மகன் அறையில் கண்டிருக்கிறார். இந்தக் குடும்பத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

1810 இலையுதிர் காலத்தில், 'ஓக்வனத்தில் மடாலயம்' என்ற இணைப்படத்தோடு துறவி பெர்லின் கலைக்கழகக் கண்காட்சிக்குப் போனான். பார்த்தவர்கள் பலர் திகைத்தார்கள். பிரஷ்ய அரசர் மூன்றாம் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் இரண்டு படங்களையும் வாங்கினார். வாங்கச் சொன்னது பதினைந்து வயதை ஒட்டிய பட்டத்து இளவரசன். அவனுடைய தாய் அரசி லூயிசே அந்த ஜூலை மாதம்தான் இறந்திருந்தார். ஃப்ரீட்ரிக்கும் ஆறு வயதில் தாயைப் பறிகொடுத்தவர். நீரில் மூழ்கிய தம்பியையும் 13 வயதில் இழந்தவர். அரண்மனைப் பிள்ளை அந்த வெற்றுக் கடலில் என்ன கண்டான் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா?

படத்தின் நல்ல அச்சுப்பிரதி கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள். துறவியை விரலால் மறைத்துக்கொண்டு சற்று நேரம் பாருங்கள். பிறகு விரலை எடுங்கள். வானம் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரியும்.

நங்கூரமும் பிறையும் அடுத்த வாரம். கப்பல்களும்தான். 1835 ஜூனில் பக்கவாதம் தாக்குவதற்குச் சற்று முன் ஃப்ரீட்ரிக் வரைந்ததாகக் கருதப்படும் 'வாழ்வின் படிநிலைகள்' லைப்ஸிக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் கரையில் ஐந்து பேர், கடலில் ஐந்து கப்பல்கள்.