கடல்நீர்த் தொட்டிக்கு டாங் மீன் வாங்குமுன்

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் நீந்தியவர்களுக்கு அந்த மீனைத் தெரிந்திருக்கும். வெளிர்நீல உடல், கறுப்பு முகம், முதுகில் மஞ்சள் செட்டை. பவுடர் புளூ டாங் என்பது அதன் ஆங்கிலப் பெயர். ரொரன்ரோவில் ஒரு கடையில் அதைக் கண்டதும் ஊர்க் கடலையே கண்டதுபோல இருந்தது. எதையும் விசாரிக்காமல் வாங்கிவந்து என் 400 லீற்றர் தொட்டியில் விட்டேன்.

ஐந்தாம் நாள் உடலில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. மூன்று நாட்களில் அவை மறைந்தன. சுகமாகிவிட்டது என்று நம்பினேன். மூன்று கிழமைக்குள் அதுவும், முன்பே தொட்டியில் இருந்த நான்கு மீன்களும் செத்துப்போயின.

காரணம் கிரிப்டோகரியன் என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணி. அது மீனின் தோலிலும் பூக்களிலும் சில நாட்கள் உணவு எடுத்துவிட்டு உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டும். கூட்டுக்குள் பெருகி, நூற்றுக்கணக்கில் வெளியேறி மறுபடி மீனைத் தேடும். புள்ளி மறைவது நோய் போனதற்கு அடையாளமல்ல, அடுத்த தாக்குதலுக்கான இடைவேளை. பரந்த கடலில் பெரும்பாலானவை மீனைக் காணாமலே அழிந்துவிடும். தொட்டிக்குள் மீன் தப்ப இடமில்லை.

எல்லா டாங் மீன்களுக்கும் இந்த நோய் வரும். ஆனால் தாங்கும் சக்தி இனத்துக்கு இனம் வேறுபடும். பவுடர் புளூ, அக்கிலிஸ் இரண்டும் மிகவும் பலவீனமானவை. ‘நீமோ’ படத்தில் டோரியாக வரும் நீல டாங் மீனும் இலகுவில் நோய்ப்படும், 30 சென்ரிமீற்றர் வரை வளரவும் கூடும். புதியவர்கள் இம்மூன்றையும் தவிர்ப்பது நல்லது.

ஒப்பீட்டளவில் உறுதியானவை தொமினி, கோலே, ஸ்கோபஸ், மஞ்சள் டாங் ஆகியவை. தொமினியும் கோலேயும் அதிகம் பெருக்காதவை. கல்லிலும் கண்ணாடியிலும் படியும் பாசியை நாள் முழுக்கச் சுரண்டித் தின்னும். மஞ்சள் டாங் இப்போது பண்ணையில் வளர்க்கப்பட்டதாகவும் கிடைக்கிறது. கடலில் பிடித்து, பல கை மாறி வரும் மீனைவிட அது தொட்டி வாழ்வுக்குப் பழகியது.

இனத்தைத் தெரிவுசெய்தால் மட்டும் போதாது, எதிரே இருக்கும் மீனையும் பார்க்க வேண்டும். வயிறு ஒட்டியிருந்தால் வேண்டாம். வேகமாக மூச்சு வாங்கினாலோ, கல்லில் உடலை உரசினாலோ வேண்டாம். உங்கள் கண்முன்னே உணவு போடச் சொல்லுங்கள். தின்னாத மீனை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். வாலடியில் கத்திபோன்ற முள் இருப்பதால் வலையில் சிக்கிக் காயப்படும். ஒரு பாத்திரத்தால் அள்ளித் தரும்படி கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பெரிய தொட்டியில் விடக்கூடாது. கல்லும் பவளமும் இல்லாத தனித்தொட்டியில் குறைந்தது 30 நாட்கள் வைத்திருங்கள். செப்பு மருந்து இடுவதென்றால் அங்கேதான் இட வேண்டும். பவளமும் இறாலும் உள்ள தொட்டியில் இட்டால் அவை செத்துவிடும். செப்பின் அளவைச் சோதனைப் பெட்டியால் அடிக்கடி பாருங்கள். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனுக்கு நஞ்சு. இந்த நாட்களில் கடற்பாசித் தாளைத் தினமும் கொடுத்து உடம்பைத் தேற்றுங்கள்.

ஏற்கெனவே நோய் புகுந்த தொட்டி என்றால், மீன் எதுவும் இல்லாமல் 76 நாட்கள் விடுவது அனுபவசாலிகள் சொல்லும் வழி. உண்ண மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிந்துவிடும். நானும் அப்படியே வெறுந்தொட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

இன்று அதில் ஒரு ஸ்கோபஸ் நீந்துகிறது. மண்ணிறம், வருபவர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் மூன்று வருடமாக ஒரு புள்ளியும் இல்லை. அந்த நீலத்தைப் பார்க்க ஆசை வந்தால் புறாத்தீவுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும்.