அக்கா சொல்லாத நான்கு நாள்

என் அக்கா மேலூரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆவணியில் ஒருநாள் காலை, அவர் பெயரில் மும்பையிலிருந்து போன பார்சலில் போதை மாத்திரை இருந்ததாக ஒருவன் போனில் சொன்னான். நல்ல தமிழ். அடுத்து வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டையோடு இன்னொருவன். "நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க. போனை அணைக்கக் கூடாது, யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

இரண்டு நாள் அப்படியே இருந்திருக்கிறார். குளிக்கப் போனாலும் போன் கதவுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பணத்தைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவோம் என்றதை நம்பி, டெபாசிட்டை உடைத்து 14 லட்சம் அனுப்பினார். வங்கியில் இருந்த பெண் எதற்கென்று கேட்டிருக்கிறாள். அவர்கள் சொல்லிக்கொடுத்தபடியே, "மகனுக்கு இடம் வாங்க" என்றிருக்கிறார். பொய் சொல்லும் பிள்ளைகளை முட்டிபோட வைத்தவர்.

மதுரையில் 31 வருஷம் வங்கி வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரியவே மேலும் நான்கு நாள் ஆனது. "வெளிய தெரிஞ்சா அசிங்கம்டா தம்பி" என்றார். நானும் எடுத்த எடுப்பில் "படிச்சவங்கதானே நீங்க" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அந்த நான்கு நாள்தான் என் வயிற்றெரிச்சல். போன பணம் ஓரிடத்தில் நிற்காது. சில நிமிஷத்தில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, ஏடிஎம் நோட்டாகவோ கிரிப்டோவாகவோ வெளியேறிவிடும். கமிஷனுக்காகப் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவர்களின் கணக்குகள் அவை. போலீஸ் முதலில் தட்டுவதும் அவர்கள் கதவைத்தான். சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே சொன்னால், பணம் நிற்கிற கணக்கிலேயே அதை முடக்கப் பார்ப்பார்கள். 2021இல் வந்த ஏற்பாடு இது. நாங்கள் சொன்னபோது சிக்கியது 62 ஆயிரம். அதை வாங்கவும் கோர்ட்டுக்கு நடந்தோம்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் எதுவுமே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். அந்த ஒரே வருஷத்தில் நாடு முழுக்கச் சைபர் மோசடியில் போனது சுமார் 22,845 கோடி ரூபாய் என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய வருஷத்தைப்போல் மூன்று மடங்கு.

அந்த நல்ல தமிழ்க் குரல் எனக்குள் ஓயவில்லை. 2022 அக்டோபரில், மியான்மரின் மியாவடியிலிருந்து மீண்ட 13 தமிழர்கள் சென்னை வந்து இறங்கினார்கள். தாய்லாந்தில் ஐடி வேலை என்று கூட்டிப்போய், மிரட்டி மோசடி செய்ய வைத்திருந்தார்கள். அக்காவிடம் பேசியவனும் அப்படி மாட்டிக்கொண்ட ஒருவனோ என்னவோ. அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளையோ" என்றார்.