மஞ்சள் விளக்கு எரிகிறதே, என்ன செய்வது?

இலண்டனில் வாழும் எம்மவரில் பலருக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருளன்று. அதிகாலை ஐந்து மணிக்குப் பெற்றோல் நிலையத்தைத் திறக்கச் செல்பவருக்கும், இரவிரவாக மினிகாப் ஓட்டுபவருக்கும், சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய்க்கும் அதுவே கையும் காலும். அப்படியிருக்க, ஒருநாள் திறப்பைத் திருப்பி எஞ்சினை இயக்கிய பின்னரும், எஞ்சின் வடிவிலான அந்தச் சிறு மஞ்சள் விளக்கு அணையாமல் நின்றால் நெஞ்சு திக்கென்கிறது. சிலர் அஞ்சி, கராஜில் சொல்லும் தொகையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுகின்றனர். வேறு சிலர், 'கார் ஓடுகிறதுதானே' என மாதக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். இரண்டும் பெரும்பாலும் நட்டத்திலேயே முடிகின்றன.

இவ்விளக்கு ஏன் வந்தது?

லொஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய நச்சுமூட்டத்துக்கு வாகனப் புகையும் சூரிய ஒளியுமே காரணம் என்பதை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அதன் வழியே வளர்ந்த சட்டங்களினால், 1988 முதல் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட கார்கள் தம் பழுதைத் தாமே கண்டறிய வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் 2001 முதல் புதிய பெற்றோல் கார்களுக்கும், 2004 முதல் டீசல் கார்களுக்கும் இது கட்டாயமானது. புகை அளவுக்கு மீறி நச்சாகக்கூடிய பழுதைக் கண்டதும் எச்சரிப்பதே இவ்விளக்கின் முதற்பணி.

புகையின் கொடுமையை இந்நகரமும் அறியும். லூயிஷமில் சவுத் சேர்க்குலர் வீதியருகே வாழ்ந்த எலா அடூ-கிஸி-டெப்ரா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவினால் இறந்தாள். அவளது இறப்புக்குக் காற்று மாசும் ஒரு காரணமென 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

சட்டமும் இதனைக் கவனிக்கிறது. 2018 மே 20 முதல், இவ்விளக்கு எரியும் கார் எம்.ஓ.ரி. பரிசோதனையில் சித்தியடையாது. 2003 ஜூலை முதல் பாவனைக்கு வந்த பெற்றோல் கார்களுக்கும், 2008 ஜூலை முதல் வந்த டீசல் கார்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

முதலில் நிறத்தைப் பாருங்கள்

சிவப்பு நிறத்தில் எண்ணெய் விளக்கோ வெப்ப விளக்கோ எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குள் செல்கிறது என்று பொருள். அது புகையைத் துப்புரவாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சுட்டழித்துவிடும். சிறு செலவு பெருஞ்செலவாகும். வேகத்தைக் குறைத்து, விரைவில் நிறுத்துங்கள். மின்னாமல் எரிந்தால், கார் வழமைபோல் ஓடும்வரை, வீடு சென்று ஆறுதலாகப் பார்க்க அவகாசம் உண்டு.

வீட்டிலேயே படிக்கலாம்

குறியீடு வாசிக்கும் சிறு கருவி இருபது பவுண் அளவில் கிடைக்கிறது. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கினாலும் போதும். சாரதியின் முழங்காலுக்கு மேலே, பெரும்பாலும் ஸ்ரேரிங்கின் கீழ்ப்புறத்தில், பதினாறு துளைகள் கொண்ட பொருத்தி இருக்கும். கருவியை அதில் செருகி, எஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் திருப்பினால், 'பி' என்னும் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றும். அவற்றைத் திகதியுடன் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதுமுன் அழித்துவிடாதீர்கள். அழித்தால் விளக்கு அணையும், பழுது அணையாது. கராஜில் உள்ளவருக்கு உதவக்கூடிய தடயமும் போய்விடும்.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். குறியீடு, எந்த இடத்தில் குறை தெரிந்தது என்று சொல்லும். எந்தப் பாகத்தை வாங்கவேண்டும் என்று சொல்லாது. 'பி0301' என்றால் முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ஸ்பார்க் பிளக்கோ, அதன் மேலுள்ள கொயிலோ, எரிபொருள் பாய்ச்சும் இன்ஜெக்டரோ காரணமாகலாம். சிலிண்டருக்கு ஒரு கொயில் உள்ள காரானால், எஞ்சின் ஆறியபின், முதலாம் கொயிலையும் இரண்டாம் கொயிலையும் இடம் மாற்றிப் பாருங்கள். குறியீட்டை அழித்து ஓட்டியபின் 'பி0302' என வந்தால், கொயிலே குற்றவாளி.

'பி0171' என்றால் எரிபொருளுக்குக் காற்று மிகுதி. உணரியை மாற்றுமுன், வெடித்த இறப்பர்க் குழாய் எங்கேனும் காற்றை உறிஞ்சுகிறதா எனப் பாருங்கள். 'பி0420' வந்ததும் கற்றலிற்றிக் கொன்வேட்டரை மாற்றச் சொல்வார்கள். புகைக்குழாயின் ஒழுக்கோ, பின்புற ஒட்சிசன் உணரியின் பழுதோ இதே குறியீட்டைத் தரக்கூடும். மலிவான காரணங்களை முதலில் விலக்குவதே முறை.

தாளோடு செல்லுங்கள்

இதற்குமேல் கராஜுக்குச் செல்ல நேர்ந்தால், எழுதிய தாளை நீட்டி, 'எதைச் சோதித்து இந்தப் பாகம் பழுது என முடிவு செய்தீர்கள்?' என்ற ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். எமது ஆங்கிலம் தடுமாறலாம். அந்த எண் தடுமாறாது. வேலை முடிந்ததும் பழைய பாகத்தையும் கேட்டுப் பாருங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கும் ஒரு சொல். திறப்பைத் திருப்பியதும் இவ்விளக்கு எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணையவேண்டும். எரியவே இல்லையாயின், யாரோ அதனை மறைத்திருக்கலாம். வாகன இலக்கத்தைக் கொண்டு முந்தைய எம்.ஓ.ரி. முடிவுகளை அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

வியர்வை சிந்தி உழைத்த பணத்தைக் கொடுக்குமுன், அந்த ஐந்து எழுத்துகளைப் படிக்கப் பத்து நிமிடம் ஒதுக்குவது வீணாகாது.