ஆலைக்கு டிரைவ் பூட்டுவோர் கவனத்திற்கு

நாவிதன்வெளி, சம்மாந்துறைப் பக்கங்களில் அரிசி ஆலை வைத்திருக்கும் சகோதரர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: "மோட்டாருக்கு டிரைவ் பூட்டிய பிறகு கெப்பாசிட்டர் நிலைக்குதில்லையே, ஏன்?" பொருளில் குறை இருக்கலாம். ஆனால் பல இடங்களில் காரணம் ஹார்மோனிக்ஸ்.

எமது நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை ஏறி இறங்கும் சீரான அலை. குண்டு பல்பு அந்த அலைக்கு ஏற்றபடியே கரண்டை எடுக்கும். டிரைவ், கணினி, எல்.ஈ.டி. பல்பு என்பன அலையின் உச்சியில் மட்டும் வெட்டி இழுக்கும். இதனால் 50 ஹேர்ட்ஸுடன் 150, 250, 350 ஹேர்ட்ஸ் கரண்டும் கலந்து ஓடுகிறது. இதுவே ஹார்மோனிக்ஸ்.

மூன்று பேஸ் டிரைவில் 250, 350 தான் அதிகம். 250 ஹேர்ட்ஸில் கெப்பாசிட்டரின் தடை ஐந்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். கே.வீ.ஏ. கட்டணத்தைக் குறைக்கப் பூட்டிய கெப்பாசிட்டரே அந்தக் கரண்டை இழுத்து, சூடாகி, வீங்கிவிடுகிறது.

கடைத்தொகுதிகளில் ஆபத்து வேறு. ஒற்றைப் பேஸ் சாமான்களின் 150 ஹேர்ட்ஸ் கரண்ட் மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றுசேரும். அங்கு பெரும்பாலும் தனியான பாதுகாப்பு இல்லை. பிரேக்கர் விழாமலே வயர் கருகக்கூடும்.

செய்ய வேண்டியவை:

1. ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் மீற்றரால் நியூட்ரலை அளக்கச் சொல்லுங்கள். சாதாரண மீற்றர் இந்தக் கரண்டைக் குறைத்தே காட்டும்.

2. டிரைவ் வாங்கும்போதே 3 அல்லது 5 வீத லைன் ரியாக்டரும் வாங்குங்கள். குழப்பம் ஏறத்தாழ பாதியாகும்.

3. கெப்பாசிட்டருடன் 7 வீத ரியாக்டர் சேருங்கள். அதன் ஒத்ததிர்வு 189 ஹேர்ட்ஸில் நிற்பதால் 250 அதைத் தாக்காது.

4. 2016இல் சூரிய பல சங்கிராமய திட்டம் தொடங்கிய பின் கூரைச் சோலார் பெருகியது. இன்வேட்டரின் கரண்ட் குழப்பம் 5 வீதத்துக்கு மேற்படாதென்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். ஐ.இ.இ.ஈ. 1547 தரம் வைத்த எல்லை அது.

ஓர் ஆலை கெடுத்த அலை, அதே ட்ரான்ஸ்போமரில் உள்ள அயல்வீட்டு மோட்டாரையும் சூடாக்கும். ஆகவே விலை கேட்கும்போதே ரியாக்டரையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். டிரைவின் விலையோடு பார்த்தால் அது சிறு தொகைதான்.