வரைபடத்தில் இல்லாத ஊர்

சென்ற பள்ளி விடுமுறையில் பயிற்சி நூல்கள் வாங்குவதற்காகப் பிரிக்பீல்ட்ஸ் சென்றிருந்தேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் அங்கே ஓர் அலுவலகத்தில் கணினி வேலை செய்கிறான். வழியில் என்னைக் கண்டவன் விடாமல் தேநீர் அருந்த அழைத்துப் போனான். பேச்சோடு பேச்சாக, "டீச்சர், ஒரு பாட்டுக் கேளுங்க. தோட்டத்துல வேலை செஞ்ச ஒருத்தர் பாடினது" என்று கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினான்.

ஒரே ஒரு கித்தார். ஒரே ஒரு குரல். வேறு வாத்தியம் இல்லை. கட்டைவிரல் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெட்டை வாசித்தன. ஆங்கிலப் பாட்டு; பாதிதான் புரிந்தது. ஆனாலும் லயத்து வாசலில் உட்கார்ந்து யாரோ தமக்குத் தாமே பாடிக்கொள்வதைப் போல இருந்தது.

"எந்தத் தோட்டமப்பா?" என்று கேட்டேன்.

"பருத்தித் தோட்டம், டீச்சர். அமெரிக்காவுல" என்று சிரித்தான்.

அவன் சொன்ன கதையையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். கதை அமெரிக்காவில் தொடங்கினாலும் முடிவது நம் வீட்டு வாசலில்தான்.

அரக்குத் தட்டில் அடங்கிய குரல்

அவர் பெயர் ஜான் ஹர்ட். மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்னும் சிற்றூர்க்காரர். கறுப்பினத்தவர். பள்ளிக்கூடத்தைச் சிறு வயதிலேயே விட்டவர். வாரத்துக்கு நிலம் உழுது பருத்தியும் சோளமும் விளைவித்தவர். கித்தாரைத் தாமாகவே கற்றுக்கொண்டு, ஊர் விருந்துகளில் வாசித்து வந்தார்.

1928-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மெம்பிஸ் நகரிலும், டிசம்பரில் நியூயார்க் நகரிலும் 'ஓகே' என்னும் இசைத்தட்டு நிறுவனம் அவர் பாடல்களைப் பதிவு செய்தது. நியூயார்க்கில் தங்கியிருந்தபோது அவருக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. 'அவலான்தான் என் ஊர்' என்னும் பொருளில் ஒரு பாட்டுக் கட்டி, அதையும் பாடிக் கொடுத்தார். தட்டுகள் விற்கவில்லை. 1929-இல் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. நம் முன்னோர்களுக்கும் அந்த மந்தத்தைத் தெரியும்; ரப்பர் விலை விழுந்து, மலாயாவிலிருந்து ஆயிரக்கணக்கான நம்மவர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. ஜான் ஹர்ட்டும் வயலுக்கே திரும்பிப் போனார். அவர் பாடியதை உலகம் மறந்தது.

அந்தக் காலத்து இசைத்தட்டு, அரக்கு கலந்து செய்தது. இந்தியக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளையில் சுரக்கும் அதே அரக்குதான். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் பாடலாம். கீழே விழுந்தால் நொறுங்கிப் போகும். இரண்டாம் உலகப் போரில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்து, பழைய தட்டுகளை உருக்குவதற்குக் கொண்டுபோனார்கள். அப்போது ஹாரி ஸ்மித் என்னும் இளைஞர் அவற்றை மலிவு விலையில் வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார்.

அவர் சேர்த்தவற்றிலிருந்து 84 பாடல்களைத் தேர்ந்து, 1952-இல் 'அமெரிக்க நாட்டுப்பாடல் தொகுப்பு' என்ற பெயரில் ஆறு நீண்ட இசைத்தட்டுகளாக ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்டது. எல்லாம் 1920-களின் பிற்பகுதியிலும் 1930-களின் முற்பகுதியிலும் பதிவானவை. நிலக்கரிச் சுரங்கத்தார், பருத்தி எடுப்போர், ரயில் பாதை போடுவோர் என்று உழைப்பாளிகளின் குரல்கள். எந்தப் பாடகர் வெள்ளையர், எவர் கறுப்பர் என்று ஸ்மித் குறிப்பிடவே இல்லை. பாட்டைப் பாட்டாகக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார். 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற பாப் டிலன், இளமையில் இந்தத் தொகுப்பைக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவர். 1997-இல் இது குறுந்தட்டுகளாக மறுபடி வெளிவந்து, புதிய தலைமுறையையும் எட்டியது.

இந்த 84-இல் இரண்டு ஜான் ஹர்ட் பாடியவை. அவற்றுள் ஒன்று, ஜான் ஹென்றி என்னும் பெயர்பெற்ற ரயில் பாதைத் தொழிலாளி சம்மட்டி வேலையிலேயே மாண்டதை நினைத்து, வேலையை விட்டு நடக்கிற ஒருவனின் பாட்டு. ரயில்வே குடியிருப்புகளில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸில் அமர்ந்து அதைக் கேட்டபோது, எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை.

காட்டிக் கொடுத்தது பாட்டு

தொகுப்பைக் கேட்டவர்கள், "யார் இந்த ஜான் ஹர்ட்? இருக்கிறாரா, இல்லையா?" என்று தேடினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு அவருடைய அவலான் பாட்டு ஒரு சேகரிப்பாளர் கைக்குக் கிடைத்தது. புதிய வரைபடங்களில் அப்படியோர் ஊரே இல்லை. 1878-ஆம் ஆண்டு அச்சான பழைய வரைபட நூல் ஒன்றில்தான் அந்தப் பெயர் அகப்பட்டது.

1963-இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்னும் இளைஞர் காரை எடுத்துக்கொண்டு அங்கே போய் விசாரித்தார். எழுபது வயதை எட்டிய ஜான் ஹர்ட் அங்கேயே பண்ணை வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் அப்போது கித்தார்கூட இல்லை. வந்தவர் கொண்டுபோன கித்தாரை வாங்கி வாசித்துக் காட்டினார். அதே ஆண்டு நியூபோர்ட் இசை விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவர் பாடல்களைப் பதிவு செய்து பாதுகாத்தது. 1966 நவம்பரில் அவர் காலமானார். கடைசி மூன்று ஆண்டுகளாவது உலகம் அவரைக் கேட்டது.

ஊர் வரைபடத்திலிருந்து போனாலும் பாட்டிலிருந்து போகவில்லை. ஊரைக் காட்டிக் கொடுத்ததும், அந்த மனிதரைத் தேடிக் கொடுத்ததும் அந்தப் பாட்டுத்தான்.

நம் தோட்டங்கள் எங்கே?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். பிரிக்பீல்ட்ஸுக்கு அடுத்துள்ள பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். பங்கே, கிரிசார் என்ற இரு முதலாளிகளின் பெயர் சேர்ந்து மருவியதே 'பங்சார்'. இன்றைய சுபாங் ஜெயா நேற்றைய சீபீல்டு தோட்டம். பண்டார் உத்தாமா நேற்றைய எபிங்ஹாம் தோட்டம். சீபீல்டும் எபிங்ஹாமும் இன்று தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் வாழ்கின்றன. கிள்ளான் வட்டாரத்தில் இப்படி மறைந்த தோட்டங்களை விரல்விட்டு எண்ணி முடியாது.

அங்கே வாழ்ந்தவர்கள் பாடாமலா இருந்தார்கள்? ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கியது, கங்காணியின் ஆசை வார்த்தை, விடியற்காலைப் பெரட்டு, நிரைபிடித்து மரம் வெட்டியது, மங்கில் பால் நிறையும் முன் மழை வந்து கெடுத்தது, ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த பிள்ளை, ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத கணவன் என்று எல்லாவற்றுக்கும் பாட்டு இருந்தது. தாலாட்டாக, கும்மியாக, தெம்மாங்காக, ஒப்பாரியாக இருந்தது.

சேகரித்த பெரியோர்கள் நம்மிடமும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டினார், அவர் மறைவுக்குப் பின் 1987-இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலாக வந்தது. இங்கே முரசு நெடுமாறன் அரும்பாடுபட்டு, நூறு ஆண்டுக் கவிதைகளை 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' எனத் தொகுத்து 1997-இல் வெளியிட்டார். இவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நூல் சொல்லைக் காக்கும். மெட்டையும் குரலையும் காக்காது. மூச்சு எங்கே நின்றது, எந்த இடத்தில் குரல் உடைந்தது என்பதைக் காகிதம் சொல்லாது.

நான் செய்த தவறு

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளிக் கலைவிழாவுக்கு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, தன் பாட்டி கற்றுக்கொடுத்த கும்மிப்பாட்டைப் பாடுவதாகச் சொன்னாள். "அதெல்லாம் வேண்டாம்மா, சபைக்கு நன்றாக இருக்காது. நல்ல சினிமாப் பாட்டாகப் பாடு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியதை அன்று நான் பொருட்படுத்தவில்லை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து திரும்பிய வாரமே அந்தப் பாட்டியைத் தேடிப் போனேன். தோட்டம் மூடிவிட்டது. கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகனோடு இருக்கிறார். முதலில் ஜான் ஹர்ட் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"வேலை முடிஞ்சு குளிச்சிட்டு வந்து, வாசப்படியில உக்காந்து பாடுறாரு போல. கத்தாமப் பாடுறாரு, பாத்தீங்களா டீச்சரம்மா" என்றார்.

பிறகு அவரைப் பாடச் சொன்னேன். ஒரு காலத்தில் முப்பது, நாற்பது பாட்டுத் தெரியுமாம். அன்று முழுமையாக நினைவுக்கு வந்தவை இரண்டு. மற்றவை இரண்டு அடியோடு நின்றன. "கூடப் பாடின ஆளுங்க யாரும் இல்லியேம்மா. எடுத்துக் குடுக்க ஆளு வேணுமில்ல?" என்றார். அந்த இரண்டில் ஒன்றில் தோட்டத்தின் பெயரும், அதன் பிரிவுகளின் பெயரும், ஆற்றங்கரைக் கோயிலும் வருகின்றன. இன்று அந்த இடத்தில் வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் கேட்டிருந்தால் எத்தனை கிடைத்திருக்கும்?

இன்றிரவே தொடங்கலாம்

ஹாரி ஸ்மித்துக்குப் பழைய தட்டுகளாவது கிடைத்தன. நம் பாட்டிமார்களின் குரலை எந்த நிறுவனமும் தட்டில் ஏற்றவில்லை. ஆனால் இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. அதுவே பதிவுக்கருவி.

சாப்பாடு முடிந்த பிறகு மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்துங்கள். கைப்பேசியை ஒரு முழ தூரத்தில் வையுங்கள். முதலில் அவர் பெயர், பிறந்த ஊர், தோட்டத்தின் பெயர், பாட்டை யாரிடம் கற்றார் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஊர்ப் பெயர் ஒன்றுதானே ஜான் ஹர்ட்டைத் தேடிக் கொடுத்தது! பாடும்போது திருத்தாதீர்கள், மறந்தால் காத்திருங்கள். பழைய தோழி ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், அடி எடுத்துக் கொடுப்பார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வெளியே மரத்தடியில் பாடச் சம்மதிக்கக்கூடும். பதிவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அவர் அனுமதியில்லாமல் ஊருக்கு அனுப்பாதீர்கள்.

என் வகுப்பில் இந்தத் தவணை ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பாட்டுக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இதுவரை பதினொன்று வந்திருக்கின்றன. முதலாவது அந்தக் கிள்ளான் பாட்டியின் கும்மி. அடுத்த கலைவிழாவில் அதுதான் முதல் நிகழ்ச்சி. பாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.