எடை குறைந்த அலாய் வீல்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

துபையில் வேலை பார்க்கும் நம் உறவுக்காரத் தம்பி ஒருவர், பல வருடம் பணம் சேர்த்து டொயோட்டா ஜி.ஆர். 86 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊரிலிருந்து அவருடைய வாப்பா நமக்குப் போன் செய்தார். "ஹஜ்ரத், புதுக் காரின் சக்கரத்தை மாற்றப் போகிறேன் என்கிறான். நல்லா ஓடுகிற சக்கரத்தை எதற்கு மாற்றணும்? நீங்கள் கொஞ்சம் கேளுங்கள்" என்றார்.

கேட்டோம். கம்பெனி கொடுத்த வீலைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த அலாய் வீல் போட்டால் கார் சிட்டாகப் பறக்கும் என்று நண்பர்கள் சொன்னார்களாம். ஜப்பானின் பிரபல மாடலைப் போலவே இருக்கும் ஒரு செட், அசல் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறதாம். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியில் ஆபத்து இருந்தது. விவரம் தெரிந்தவர்களிடம் விசாரித்தும் படித்தும் நாம் அறிந்துகொண்டதை இங்கே தருகிறோம்.

எடை குறைந்தால் என்ன லாபம்?

காரின் எடையில் இரண்டு வகை உண்டு. பாடி, எஞ்சின், உட்கார்ந்திருப்பவர்கள் ஆகிய எல்லாவற்றையும் ஸ்பிரிங் தாங்குகிறது. வீல், டயர், பிரேக் போன்றவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கின்றன. சாலையில் ஒரு மேடு வந்தால், கீழே இருக்கும் இந்த எடைதான் முதலில் மேலே தூக்கப்பட்டு, உடனே கீழே இறங்க வேண்டும். அது கனமாக இருந்தால் இறங்கத் தாமதமாகும். அந்தக் கணத்தில் டயர் சாலையைச் சரியாகப் பிடிக்காது. இலேசாக இருந்தால் டயர் தரையோடு ஒட்டியே ஓடும். வளைவிலும் பிரேக் போடும்போதும் பிடி நன்றாக இருக்கும். இதுதான் முதல் லாபம்.

இரண்டாவது, வீல் சுழலும் பொருள். அதை முன்னே நகர்த்தவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். எடை விளிம்பை நோக்கிப் போகப் போகச் சுழற்றுவது கடினமாகும். டயரின் வெளி விளிம்பில் இருக்கும் 1 கிலோ, வேகம் எடுக்கும்போது காருக்குள் இருக்கும் 2 கிலோவுக்குச் சமம். வீல் டயருக்கு உள்ளே இருப்பதால் அதன் எடையைச் சுமார் ஒன்றரை மடங்கு என்று கொள்ளலாம்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒரு வீலுக்கு 2 கிலோ குறைகிறது என்று வைத்துக்கொண்டால் நான்குக்கும் 8 கிலோ. ஒன்றரை மடங்கு என்றால் 12 கிலோ. ஜி.ஆர். 86 காரின் எடை சுமார் 1270 கிலோ. ஆக, நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. இதனால் கார் பறக்காது. ஸ்டியரிங் கொஞ்சம் இலகுவாகும். கரடுமுரடான இடத்தில் கார் நிதானமாக நிற்கும். அவ்வளவுதான். இதை எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறமாட்டார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வீலில் 2 கிலோ குறைத்துவிட்டு, அதைவிடக் கனமான டயரை மாட்டினால் மிச்சப்படுத்தியது போய்விடும். டயரின் எடைதான் விளிம்பில் இருக்கிறது.

செய்முறையில்தான் விலை

அலாய் வீல் பெரும்பாலும் அலுமினியக் கலவை. உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது வார்ப்பு வீல். விலை குறைவு, பலத்துக்காகக் கனமாகச் செய்ய வேண்டியிருக்கும். வார்த்த வீலைச் சூடாக்கிச் சுழற்றி, அதன் வெளிப்பகுதியை உருளையால் அழுத்தி நீட்டுவது ஃப்ளோ ஃபார்மிங். அந்தப் பகுதி மெல்லியதாகவும் உறுதியாகவும் ஆகும். விலையிலும் எடையிலும் இது நடுத்தரம். திடமான அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அடித்து உருவாக்குவது ஃபோர்ஜ்டு வீல். குறைந்த உலோகத்தில் அதிக பலம் கிடைப்பதால் எடை குறையும், விலை ஏறும்.

ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட வோல்க் ரேசிங் டி.ஈ. 37 இந்த ஃபோர்ஜ்டு வகைதான். 15 அங்குல வீலின் எடை 3.7 கிலோ. பெயரில் உள்ள 37 அதைத்தான் குறிக்கிறது. அந்த ஆறு கம்பி வடிவத்தை வார்ப்பில் நகலெடுத்துப் பலரும் விற்கிறார்கள். தம்பிக்குக் காட்டப்பட்டதும் அப்படிப்பட்ட நகல்தான்.

இங்கேதான் ஆபத்து. வடிவத்தை யாரும் நகலெடுக்கலாம். உள்ளே உள்ள உலோகத்தின் பலத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. வார்ப்பு வீலில் எடையையும் குறைத்து விலையையும் குறைத்தால், குறைந்திருப்பது பலமாகத்தான் இருக்க முடியும். 120 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது கம்பி உடைந்தால், உள்ளே இருப்பவர்களோடு பக்கத்து வண்டியில் வருபவர்களும் பாதிக்கப்படுவார்கள்.

முத்திரையும் தாங்கும் எடையும்

ஜப்பானிய வீல்களில் ஜே.டபிள்யூ.எல். என்ற குறி இருக்கும். அந்நாட்டு அரசின் தரவிதிக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே தரும் உறுதி அது. வி.ஐ.ஏ. என்ற குறியும் இருந்தால் வெளி அமைப்பு ஒன்று சோதனை முடிவைச் சரிபார்த்திருக்கிறது என்று பொருள். வளைத்துச் சுழற்றுவது, பாரம் ஏற்றி உருட்டுவது, மேலிருந்து எடையை விழச் செய்வது ஆகிய மூன்றும் அந்தச் சோதனைகள். ஜெர்மனியில் டி.யூ.வி. சான்று இதே வேலையைச் செய்கிறது.

குறியையும் போலியாகப் பொறிக்க முடியும். எனவே தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற கடையில், ரசீதோடு வாங்க வேண்டும். ஒரு வீல் எத்தனை கிலோ தாங்கும் என்பது வீலின் பின்புறத்திலோ தயாரிப்பாளரின் விவரத்திலோ இருக்கும். காரின் ஓர் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 900 கிலோ என்றால், ஒரு வீல் குறைந்தது 450 கிலோ தாங்க வேண்டும். கடைக்காரரால் இந்த எண்ணைச் சொல்ல முடியாவிட்டால் அந்த வீல் நமக்கு வேண்டாம்.

காருக்குப் பொருந்துமா?

ஜி.ஆர். 86 காருக்கு ஐந்து போல்ட். அவை அமையும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். நடுத்துளை 56.1 மில்லிமீட்டர். துளை பெரிதாக இருந்தால், இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வீல் நடுவில் உட்காராமல் ஸ்டியரிங் நடுங்கும்.

அடுத்தது ஆஃப்செட். வீலின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு இது. இந்தக் காருக்குக் கம்பெனி கொடுப்பது 48 மில்லிமீட்டர். அதே அகலத்தில் 38 என்று வாங்கினால் சக்கரம் 10 மில்லிமீட்டர் வெளியே வரும். பார்க்க எடுப்பாக இருக்கலாம். ஆனால் பேரிங்குக்குச் சுமை கூடும், டயர் மட்கார்டில் உரசவும் கூடும்.

பெரிய வீல் என்றால் நல்ல வீல் என்ற எண்ணமும் தவறு. இந்தக் காருக்குக் கம்பெனி அளவே இரண்டு உண்டு: 17 அங்குலத்துக்கு 215/45, 18 அங்குலத்துக்கு 215/40. இரண்டிலும் டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ ஒன்றுதான். 18 அங்குலத்தில் 215/45 போட்டால் உயரம் 4 சதவீதம் கூடும். மீட்டர் 100 காட்டும்போது கார் 104இல் ஓடும். எடை குறைப்பதுதான் நோக்கம் என்றால் 17 அங்குலமே பொருத்தம். டயரின் பக்கச் சுவர் உயரமாக இருப்பதால் பள்ளத்தில் ரிம்மும் தப்பும்.

பழைய வீல் வாங்குபவர்கள் விரிசலை வெல்டிங் செய்து பெயின்ட் அடித்திருக்கிறார்களா என்று உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் உலோகம் பலம் இழந்துவிடும். புது வீலுக்கு ஏற்ற வடிவத்தில் நட் வாங்கி, கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ஸ்பேனரால் முறுக்க வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். மாற்றும் முன் அந்த நாட்டு வாகன விதியையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இதையெல்லாம் பேசி முடித்தபோது தம்பி, "அப்படியானால் அசலை வாங்கப் பணம் சேரும்வரை இருக்கிற வீலே ஓடட்டும், இப்போது நல்ல டயர் மட்டும் மாற்றிக்கொள்கிறேன்" என்றார். வாப்பாவிடம் சொன்னோம். "மாற்றுவது தப்பில்லை, உறுதியானதாக இருக்கணும், அவ்வளவுதான்" என்றார் அவரும்.