அப்ரண்டிஸா, இன்டர்ன்ஷிப்பா?

ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. அப்ரண்டிஸ் பயிற்சிக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் பதிவாக வேண்டும், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்தே ஆக வேண்டும், முடிவில் சான்றிதழ் உண்டு. பெரம்பூர் ஐ.சி.எஃப். போன்ற ரயில்வே ஆலைகளில் பயிற்சி முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல்-1 பணித் தேர்வில் 20 சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் பயிற்சி கொடுத்த நிறுவனமே வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. இதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

தனியார் இன்டர்ன்ஷிப்புக்கு இப்படித் தனிச் சட்டம் இல்லை; தொகை தருவது அவர்கள் விருப்பம். கல்லூரியில் படிக்கும்போது ஓரிரு மாதம் போவது நல்லதே. படிப்பை முடித்து, வீட்டுக்குச் சம்பாதிக்க வேண்டிய பிள்ளைக்கு அப்ரண்டிஸே மேல் என்பது என் கருத்து. இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் கட்டச் சொன்னால், நகையை அடகு வைக்கும் முன் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். அஸருக்குப் பிறகு இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.